வரைபடத்தில் நம் லயம் எங்கே?

தோட்டம் கைமாறப் போகிறது என்ற சேதி நமக்கு எப்படி வந்து சேருகிறது? பல இடங்களில் அது கடிதமாக வருவதில்லை. காலையில் பெரட்டுக்குப் போகிற வழியில், முக்காலியும் கருவியுமாக சர்வே ஆட்கள் நாலு பேர் செம்பனை வரிசைக்குள் நிற்பார்கள். சிவப்புத் துணி கட்டிய குச்சியை அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டுக்கொண்டு போவார்கள். "என்னண்ணே, என்னா அளக்குறாங்க?" என்று மண்டோரைக் கேட்டால், "எனக்கென்னப்பா தெரியும், மேல கேளு" என்பார். மேலே கேட்டால் கிராணியாருக்கும் தெரியாது. தெரிய வரும்போது விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துக் காய்ந்திருக்கும்.

அப்படி அளந்து போட்ட பிளானைக் கையில் வாங்கிப் பாருங்கள். எல்லைக்கல் இருக்கும். லோட் நம்பர் இருக்கும். ரோடும் ஆறும் இருக்கும். ஆனால் ஆடி மாதம் நாம் கூழ் ஊற்றும் மாரியம்மன் கோயில் இருக்காது. பாட்டன் பாட்டியை அடக்கம் செய்த சுடுகாடு இருக்காது. பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போன ஆயாக்கொட்டகை இருக்காது. நிலத்துக்குச் சொந்தக்காரர் யார், எல்லை எது என்று சொல்வதற்கென்றே போட்ட காகிதம் அது. நாம் சொந்தக்காரர்கள் இல்லை. அதனால் அதில் நமக்கு இடமில்லை.

இந்த வாரம் நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். நம் தோட்டத்தின் வரைபடத்தை நாமே எழுதி வைக்க வேண்டும். விற்பனைப் பேச்சு கிளம்பிய பிறகு ஓடியாடுவதில் பயனில்லை. இப்போதே, தோட்டம் தோட்டமாக இருக்கும்போதே, எழுதி வைக்க வேண்டும்.

பேர் ஏறியது, ஆள் ஏறவில்லை

கோலசிலாங்கூர் வட்டாரத்துக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1917-ல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டது எங்கே தெரியுமா? இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் நம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பேரோ தமிழ். உலகத்துக்கே எண்ணெய் விற்ற ஒரு தொழிலின் முதல் பக்கத்தில் நம் மொழிச் சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. காட்டை வெட்டி, அல்லூர் தோண்டி, கன்று சுமந்த கைகளின் பேர்தான் எந்தப் பக்கத்திலும் இல்லை.

"ஐயா, நாங்க நாலு தலைமுறையா இங்கதான் இருக்கோம். எங்களுக்கு உரிமை இல்லையா?" என்று நம் பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சட்டம் சொல்லும் பதில் கசப்பானது. 1966 ஜனவரி 1-ல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத்தின்படி, பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ அவருக்கே நிலம். எத்தனை வருஷம் குடியிருந்தாலும், குடியிருந்த ஒரே காரணத்துக்காக நிலம் சொந்தமாகிவிடாது. அரசாங்க நிலமானாலும் சரி, தனியார் நிலமானாலும் சரி, 48-வது பிரிவும் 341-வது பிரிவும் அந்தக் கதவை அடைத்து வைத்திருக்கின்றன.

லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் வீடும் போகும். ஆட்குறைப்பில் வேலை இழந்தால் 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பணிநிறுத்தச் சலுகை உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள், ஐந்துக்கு மேல் இருபது நாள். முப்பது வருஷம் உழைத்தவருக்கு அறுநூறு நாள் சம்பளம். இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அது உழைப்புக்கான பணம். வீட்டுக்கும் கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் அது ஈடு அல்ல. "அதான் காசு வாங்கிட்டீங்களே" என்று யாராவது சொன்னால், "அது வேற கணக்கு, இது வேற கணக்கு" என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஐந்து தோட்டத்துப் பாடம்

மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களை வட சிலாங்கூரில் அறியாதவர் யார்? அந்த மக்கள் சொந்த வீடு கேட்டு இருபது ஆண்டுக்கும் மேலாக நடையாய் நடந்தார்கள். கோரிக்கை வைத்தவர்களில் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள். கடைசியில் 2023-ல்தான் பிரதமர் அன்வார் இப்ராஹிமின் அரசாங்கம் 245 குடும்பங்களுக்குப் பெஸ்தாரி ஜெயாவில் தரைவீடு கட்டும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு 20 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது.

இதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த 245 என்ற எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எண் இருந்ததால்தான் வீடு கேட்க முடிந்தது. யார் யார், எந்த லயம், எத்தனை குடும்பம் என்று விடாமல் பட்டியல் வைத்திருந்த மக்களின் பிடிவாதம்தான் அந்தத் திட்டத்துக்கு அஸ்திவாரம். பட்டியல் இல்லாத தோட்டங்கள் எத்தனை? அங்கிருந்தவர்கள் புறம்போக்கு வீடு, வாடகை வீடு, அடுக்குமாடி என்று சிதறிப்போனார்கள். இன்றைக்கு அவர்களுக்காக யாராவது பேச நினைத்தாலும், யாருக்காகப் பேசுவது என்று தெரியாது.

நிலமே இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. புக்கிட் தாகாரில் கோலாலம்பூரின் குப்பையைக் கொட்ட 2005-லிருந்து நூற்றுக்கணக்கான ஏக்கர் நிலம் இருக்கிறது. குப்பைக்குக் கிடைக்கும் நிலம் உழைத்தவனுக்கு மட்டும் கிடைக்காதா என்று நாம் கேட்கிறோம்.

முன்னோர் சும்மா இருக்கவில்லை

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதினார். துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பிறகு நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆக, தோட்டம் ஒன்று வீட்டுமனையாவதற்கு முன் மூன்று வாசல்களைத் தாண்ட வேண்டும். விற்க வேண்டுமானால் தோட்ட நில வாரியம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற வேண்டுமானால் மாநில அரசாங்கம். கட்ட வேண்டுமானால் உள்ளூர் மன்றம். மூன்று இடத்திலும் கோப்பு நகர்கிறது. அந்தக் கோப்புக்குள் நம் பேர் இருக்கிறதா? "அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, இதோ படம், இதோ பட்டியல்" என்று ஒரு காகிதமாவது உள்ளே போயிருக்கிறதா? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

காட்டு மக்கள் காட்டிய வழி

இதே சிலாங்கூரில், டெங்கிலுக்குப் பக்கத்தில் புக்கிட் தம்போய் என்ற இடத்தில் தெமுவான் ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போடுவதற்காக 1995-ல் அவர்களுடைய 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. மரத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள், மண்ணுக்குக் கொடுக்கவில்லை. சாகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே குடியிருந்து பயிரிட்டதற்கான ஆதாரங்களை நீதிமன்றத்தின் முன் வைத்தார்கள். 2002-ல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றமும் 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. மண்ணுக்கும் ஈடு உண்டு என்றாயிற்று. 2010-ல் வழக்கு சமரசமாக முடிந்தது.

சரவாக்கில் ரூமா நோர் என்ற நீண்ட வீட்டைச் சேர்ந்த ஈபான் மக்கள், தங்கள் நிலத்தைத் தாங்களே வரைபடமாகப் போட்டு வழக்காடினார்கள். 2001-ல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள். அதே ஆண்டு, உரிமம் பெற்ற அளவையாளர் அல்லாதவர் நிலத்தை அளந்து படம் போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்த மாநிலத்தில் வந்தது. 2005-ல் மேல்முறையீட்டில் அந்த வெற்றியும் பறிபோனது. ஒரு சாதாரணக் கிராமத்து வரைபடம் எத்தனை பேரைக் கலங்க வைத்திருக்கிறது பாருங்கள்!

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஓராங் அஸ்லிகளுக்கும் ஈபான்களுக்கும் மரபுவழி நில உரிமை என்ற சட்டப் பிடிமானம் இருக்கிறது. நமக்கு அது இல்லை. நாம் போடும் வரைபடம் பட்டாவாகிவிடாது. வீட்டை இடிக்க வருகிற இயந்திரத்தைத் தனியாக நின்று தடுத்துவிடவும் முடியாது. பிறகு எதற்கு? பேச்சுவார்த்தை மேசையில் "நாங்கள் இத்தனை பேர், இவ்வளவு காலம், இன்ன இடத்தில்" என்று தேதியோடு சொல்வதற்கு. "அங்க கோயிலே கிடையாதே" என்று நாளை யாரும் சாதிக்காமல் இருப்பதற்கு. அந்த மக்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான்.

எப்படிச் செய்வது?

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கோயில் கொட்டகையில் பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை விரியுங்கள். ஓய்வு பெற்ற மண்டோர், கங்காணிமார், பழைய ஆயா, பால்வெட்டிய பாட்டிமார் எல்லாரையும் கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் எந்த லயம் இருந்தது, எது இடிந்தது, பழைய பள்ளிக்கூடம் எங்கே, கிணறு எங்கே, முனீஸ்வரன் மரம் எங்கே என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரையட்டும். பெண்களை ஓரமாக உட்கார வைத்துவிடாதீர்கள். தண்ணீர் எங்கே எடுத்தோம், எந்த வீட்டில் யார் பிறந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

பிறகு கைப்பேசி வைத்திருக்கும் வாலிபர்கள் நடந்து போய் ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்து, அந்த இடத்தின் குறியீட்டு எண்ணையும் பதிவு செய்யட்டும். சுடுகாட்டில் ஒவ்வொரு கல்லறையையும் எடுங்கள். பேர் தெரிந்தால் பேர், வருஷம் தெரிந்தால் வருஷம். கல் இல்லாத மேடுகளையும் விடாதீர்கள்.

படத்தோடு ஒரு பட்டியலும் வேண்டும். எந்தக் குடும்பம், எந்த வருஷம் வந்தது, என்ன வேலை செய்தது என்று எழுதுங்கள். தோட்டத்தின் பேர் போட்ட பிறப்புப் பத்திரம், பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். அசல் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். தலைவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தும் போடாதீர்கள்.

அடுத்தது நிலப் பதிவேடு. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் ஒரு நிலத்தின் பதிவைப் பார்க்கலாம். பெரிய தோட்டங்களின் பட்டா ஷா ஆலாமில் உள்ள மாநிலப் பதிவகத்தில் இருக்கும். சிறு நிலங்களுக்கு மாவட்ட நில அலுவலகம். லோட் நம்பரும் முக்கிமும் தெரிந்தால் போதும். ஈஜோக்கா, ஜெராமா, பாசாங்கானா, எந்த முக்கிம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தக்காரர் யார், நிலம் நிரந்தரமா குத்தகையா, குத்தகை என்றால் எப்போது முடிகிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

குத்தகைத் தேதி ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் திருநெல்வேலிக்கு மேற்கே மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 99 ஆண்டுக்குக் கம்பெனிக்கு விட்ட நிலம். 2028-ல் குத்தகை முடியவேண்டியது. 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொன்னது. அந்த மக்களும் நாலு தலைமுறைதான். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2024 டிசம்பரில் அங்கேயும் வழி கிடைக்கவில்லை. முடிவு தேதி தெரிந்த நிலத்துக்கு, அந்தத் தேதிக்குப் பத்து வருஷம் முன்பே மாற்று வீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். கடைசி வருஷத்தில் கேட்டால் காதில் விழாது.

தயாரான கோப்பை நாலு நகல் எடுங்கள். ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று மாவட்ட அதிகாரிக்கு, ஒன்று கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்கு, ஒன்று சட்டமன்ற உறுப்பினருக்கு. கொடுத்ததற்கு முத்திரை வைத்த ஒப்புச்சீட்டை மறக்காமல் வாங்குங்கள். உள்ளூர்த் திட்ட நகலை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது, குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் கருத்துச் சொல்ல 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த நாட்களில் நம்மவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை!

தண்ணீரையும் எழுதுங்கள்

லயமும் கோயிலும் மட்டும் வரைந்தால் படம் பாதிதான். நம் வட்டாரத்தில் நிலம் என்றால் தண்ணீர். தஞ்சோங் காராங் பக்கம், ராஜா மூசா காட்டை ஒட்டியிருக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே இருப்பது காம்புட் மண். மக்கிய மரமும் இலையும் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் கருப்பு மண். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் மண் காய்கிறது, உட்காருகிறது, செம்பனை சாய்கிறது. வெயில் காலத்தில் தீப்பிடித்தால் மேலே தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். அந்தப் புகையில் இருமுவது லயத்துக் குழந்தைதான். 2008-லிருந்து வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் சுற்றுவட்டாரக் கிராமத்தாரும் சேர்ந்து வாய்க்கால்களை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, கன்று நட்டுக் காட்டை மீட்டு வருகிறார்கள்.

எந்த வாய்க்கால் முதலில் வற்றும், எந்தப் பக்கம் மண் தாழ்ந்தது, வெள்ளம் எந்த லயத்துக்குள் முதலில் நுழையும் என்பது தினமும் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கிய நமக்குத் தெரியாதா? அதை எழுதி வைத்தால் அது அறிவு. எழுதாவிட்டால் வெறும் திண்ணைப் பேச்சு.

சிலாங்கூர் ஆற்றையும் பாருங்கள். இந்த மாநிலமும் கோலாலம்பூரும் குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் அந்த ஆற்றிலிருந்து போகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்தில் கலந்த கழிவால் லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. அதே ஆற்றின் கரையில், கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்மினி பார்க்க வெளிநாட்டுக்காரர் வருகிறார்கள். ஆற்றோர மரத்தை வெட்டினால் மின்மினி போகும், கரை சரியும். மருந்து கலந்து கொட்டிய இடம், மில் கழிவு ஓடும் வாய்க்கால், பழைய கிணறு எல்லாமே வரைபடத்தில் ஏறட்டும். பாராகுவாட் மருந்தை 2020-ல்தான் நாட்டில் தடை செய்தார்கள். அதற்கு முன் எத்தனை தாய்மார்கள் அதை முதுகில் சுமந்து அடித்தார்கள்! எங்கே அடித்தார்கள் என்று அவர்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்?

"பிள்ளைங்கதான் டவுனுக்குப் போயிட்டாங்களே, தோட்டத்துல இப்ப வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும்தானே, இனிமே எதுக்கு இதெல்லாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். போனவர்களும் திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். அம்மாவைப் புதைத்த இடத்துக்கு மாலையோடு வருகிறார்கள். தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் தோட்ட நிலத்தில்தான் நிற்கின்றன. நிலம் அரசாங்கத்தின் பேரில் இல்லாததால் பகுதி உதவி பெறும் பள்ளியாகவே காலம் தள்ளுகின்றன. ஓய்வு பெற்ற கிழவரும் கிழவியும் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். இவர்களுக்காகத்தான் கேட்கிறோம். இன்று அந்த லயங்களில் தங்கி உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளியும் நாளைக்கு இதே கதிக்கு ஆளாகக் கூடாது.

மாநில அரசாங்கத்திடம் நாம் கேட்பது இது. தோட்ட நிலத்தின் பயன்பாட்டை மாற்ற அனுமதி கொடுக்கும் முன், அங்குள்ள குடும்பம், பள்ளி, கோயில், சுடுகாடு ஆகியவற்றின் பட்டியல் கோப்பில் இருந்தே ஆகவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் உரிய நிலத்தை முதலில் தனியாகப் பிரித்துப் பதிவு செய்யுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

தொழிற்சங்கத்திடமும் கோயில் கமிட்டிகளிடமும் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் கேட்பது இது. மாலைக்கும் பொன்னாடைக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை இந்த வேலைக்கு ஒதுக்குங்கள். தோட்டத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்தால், அடுத்த தலைமுறை வெறுங்கையோடு நில அலுவலகப் படியேறாது.

தோட்டத் தோழர்களே, தாய்மார்களே! உங்கள் தோட்டத்தின் மூத்த பாட்டிக்கு இன்று என்ன வயது என்று நினைத்துப் பாருங்கள். அவர் நினைவில் இருப்பது வேறு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள்.